மேலகரத்துக்குப் போன மாப்பிள்ளைக் கிளை

அன்று காலை மேலகரம் தென்னந்தோப்பில் இருந்தவர்கள்: தோப்புக்காரர் மைதீன்பிச்சை, எங்கள் மானேஜர் சிவசைலம், எங்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என் அப்பா, அப்புறம் நான். மைதீன்பிச்சையின் அண்ணன் காசிம் வரவில்லை. அவர் அனுப்பிய இரண்டு கோடாலிகள் மட்டும் வந்திருந்தன. அவற்றைத் தென்னையில் சாத்திவிட்டு, தூக்கி வந்த ஆட்கள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். வந்திருக்க வேண்டிய இன்னொருவரும் வரவில்லை. அவர் வராததுதான் அன்றைக்கு வழக்கே. ஆனால் அவர் இல்லை என்பதை அந்த நேரம்வரை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்த தோட்டக்கலைப் பயிற்சிப் பிள்ளைகள். கையில் ஒரு தொட்டி கொண்டுவந்தார்கள். அதில் விரல் நீளத்துக்கு ஒரு ஜாதிக்காய்க் கன்று, விதையைக்கூட இன்னும் உதறாத குழந்தை. அதன் தலையைக் கிள்ளி, காய்க்கிற மரத்தின் நுனி ஒன்றைச் சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றி, மேலே ஒரு பையைத் தொப்பி மாதிரிக் கவிழ்த்தார்கள். வாசற்படியில் உட்கார்ந்தபடியே வேலை முடிந்துவிட்டது.

“ஒங்க காலத்துல எப்பிடிய்யா ஒட்டுவீங்க?” என்று அதில் ஒரு பெண் கேட்டாள்.

“நாங்க கன்னைத் தூக்கிக்கிட்டு மரத்துல ஏறுவோம்மா” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, உண்மையிலேயே ஏறினோம். சொல்ல ஆரம்பித்தால் கதை மேலகரத்தில் போய் நின்றது. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அப்பா தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே மாட்டுவண்டி ஓட்டினார். சீசனுக்குக் குளிக்க வருகிறவர்களை ஏற்றி இறக்கிய காசில்தான் என்னைத் தென்காசிப் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தார். படிப்பு முடிந்து, முப்பதுகளின் தொடக்கத்தில், குற்றாலம் மலையடிவாரத்தில் இருந்த ஒரு தனியார் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை கிடைத்தது. முதலாளி மதுரையில் இருந்தார். தோட்டத்துக்கு அவர் வந்து நான் பார்த்தது குறைவு. கிராம்பு, மிளகு, ஜாதிக்காய் எல்லாம் மானேஜர் சிவசைலத்தின் பொறுப்பு.

ரைட்டர் என்றால் நாற்காலி இருக்கும் என்று நினைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மானேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பேனாவுக்குப் பதிலாக ஒரு கத்தியைக் கொடுத்தார். ஜாதி மரத்தின் பட்டையைச் சீவினால் சிவப்பாக ஒரு நீர் கசியும், துணியில் பட்டால் போகாது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா என் சட்டையைப் பார்த்துவிட்டு, யார் அடித்தார்கள் என்று அழுதாள். அதன்பிறகு சட்டையைக் கழற்றி ஆபீஸ் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் தோட்டத்துக்குள் இறங்குவேன்.

மானேஜரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு, தலையில் கஞ்சி போட்ட சரிகைத் தலைப்பாகை. சாரலில் நனைந்தால் தலைப்பாகை தொய்ந்துவிடும் என்பதால், நிழலில் நடக்கும்போதும் குடையை விரித்தே நடப்பார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நாம் கட்டிய ஒட்டைக் குனிந்து பார்ப்பார், விரலால் ஒரு தடவை தடவுவார், மிகவும் அன்பாகச் சொல்லுவார்:

“நல்லாத்தான் இருக்கு வே. அவுத்துக் கெட்டும்.”

முதல் வருஷம் முழுக்க நான் கேட்ட பாராட்டு இது ஒன்றுதான். தோட்டத்துப் பெண்களில் மூத்தவள் மாடத்தி. அவள் இதை அப்படியே பழகிக்கொண்டாள். நான் தலைவாரிக்கொண்டு வந்தாலும் சரி, தூக்குச்சட்டியைத் திறந்தாலும் சரி, “நல்லாத்தான் இருக்கு ரைட்டரய்யா, அவுத்துக் கெட்டும்” என்பாள். பெண்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். ஜாதிக்காயில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதை போட்டு வளர்த்த கன்று எது என்று பூக்கிறவரை தெரியாது. அதற்கு ஏழெட்டு வருஷம் ஆகும். அவ்வளவு நாள் தண்ணீர் ஊற்றிய பிறகு பாதிக்குப் பாதி ஆணாகப் போய்விடும். ஆண் மரமும் பூக்கும், பெண் மரத்தைவிடக் கொத்துக்கொத்தாக, மணக்க மணக்கப் பூக்கும். காய் மட்டும் கிடையாது.

மாடத்தி இதற்கும் ஒரு வசனம் வைத்திருந்தாள். “தண்ணி குடிக்கி, சாணி திங்கி, நெழல்ல சொகமா நிக்கி. காய் எங்கன்னு கேட்டா மட்டும் வானத்தப் பாக்கி. எங்க வீட்லயும் இப்பிடி ஒண்ணு கெடக்கு.”

ஒட்டுக் கட்டுவது இந்த நஷ்டத்துக்குத்தான். நன்றாகக் காய்க்கிற பெண் மரத்தின் கிளையைச் சின்னக் கன்றின் தண்டோடு ஒட்டிவிட்டால், வருவது நிச்சயமாகப் பெண். காய்ப்பும் மூன்று நான்கு வருஷத்தில் ஆரம்பித்துவிடும்.

கன்றுக்கு விதை தேர்வதிலிருந்தே மானேஜர் கண்டிப்பு. கொட்டையைக் காதருகே வைத்துக் குலுக்க வேண்டும். உள்ளே பருப்பு ஆடிச் சத்தம் வந்தால் அது காய்ந்துவிட்டது, சமையலறைக்குப் போகட்டும். சத்தமே வராதது விதைக்கு. முளைத்த கன்றுகளைச் சின்ன மண்சட்டிகளில் வளர்ப்போம். தண்டு பென்சில் பருமன் ஆனதும் தாய்மரத்தைச் சுற்றி மூங்கில் சாரம் கட்டி, சட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறி, கிளையின் உயரத்துக்கு வரிசையாக வைப்போம். கன்றின் தண்டில் ஒரு பக்கமும் தாய்மரக் கிளையில் ஒரு பக்கமும் ஒரே நீளத்துக்கு மெல்லிசாகச் சீவ வேண்டும். ஒரே வீச்சு. இரண்டாம் வீச்சு வீசினால் பள்ளம் விழும், பள்ளத்தில் தண்ணீர் தங்கும், தங்கினால் அழுகும். சீவிய முகம் இரண்டையும் சேர்த்து, நனைத்த வாழைநாரால் இறுக்கி, மேலே களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூசுவோம். கன்று தன் சட்டியிலும், கிளை தன் மரத்திலும் இருந்தபடியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதுவரை தினமும் ஏணியில் ஏறிச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஒட்டு பிடித்த பிறகும் அவசரப்படக் கூடாது. ஒட்டுக்குக் கீழே தாய்மரக் கிளையில் முதலில் பாதி வெட்டு. சில நாள் பொறுத்து மீதி வெட்டு. பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பது மாதிரிதான். கடைசியில் கன்றின் சொந்தத் தலையை நறுக்கிவிட்டால், வேர் ஒருவருடையது, கிளை இன்னொருவருடையது.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. மேலே நிமிர்ந்து போகும் கொழுந்தைத்தான் ஒட்ட வேண்டும். பக்கவாட்டுக் கிளையை ஒட்டினால் மரம் உயராது, பூசணிக்கொடி மாதிரித் தரையில் படரும். நான் வந்த புதிதில் அப்படி ஒன்று கட்டினேன். அது வளர்ந்து புதராகி, தோட்டத்துக் கோழிகள் முட்டையிடும் இடமாயிற்று. மானேஜர் அதையும் குனிந்து பார்த்தார். அதை மட்டும் அவிழ்த்துக் கட்ட வழியில்லை.

எங்கள் ஒட்டுக் கன்றுகளின் பேர் தென்காசி வரை போனது. அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த மைதீன்பிச்சை ஒரு நாள் வந்தார். அவரும் அண்ணன் காசிமும் ஒரே குடும்பம், ஒரே கல்லாப்பெட்டி. செங்கோட்டை வழியாகக் கொல்லத்திலிருந்து வரும் ஜாதிக்காயை வாங்கி விற்றவர்கள்.

“மானேஜரய்யா, எவனோ வெளைய வச்சத எம்புட்டு நாளைக்கு நான் தராசுல போட்டுக்கிட்டே இருக்கது? மேலகரத்துல எங்க தென்னந்தோப்புல நெழல் இருக்கு, வாய்க்கால்த் தண்ணி இருக்கு. நாப்பது கன்னு குடும். ஆனா ஒண்ணுகூட ஆம்பளையாப் போவக் கூடாது. எங்கண்ணன் என்னய உப்புக்கண்டம் போட்டுருவாரு.”

“ஒண்ணுகூடப் போவாது. நான் சொல்லுதேன்லா” என்றார் மானேஜர்.

நாற்பதும் போயின. நாற்பதும் பிழைத்தன. நாலாம் வருஷம் சாரல் காலத்தில் முதல் பூ வந்தது. மைதீன்பிச்சை ஒரு பூவை வெற்றிலையில் பொதிந்து கொண்டுவந்து காட்டினார். மணி மாதிரி வெளிறிய மஞ்சளில் பெண் பூ. பூ வந்தது, உதிர்ந்தது. முதல் பூ அப்படித்தான் இருக்கும் என்று மானேஜர் தேற்றி அனுப்பினார்.

அந்த வருஷம்தான் எங்கள் தோட்டத்தில் இடம் போதவில்லை. பழைய காலத்தில் விதை போட்டு முளைத்த ஆண் மரங்கள் நிழலை அடைத்துக்கொண்டு நின்றன. எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் பெண் ஒட்டாக வைக்கலாம் என்று மானேஜர் முடிவெடுத்தார். மதுரையிலிருந்தும் சம்மதம் வந்தது. நான் சுண்ணாம்புச் சட்டியோடு போய் ஆண் மரங்களுக்கெல்லாம் வெள்ளைக்கோடு போட்டேன். ஒரே ஒரு மரத்தருகே போனபோது மாடத்தி முன்னால் வந்து நின்றுகொண்டாள். வேலைக்கு வரும் பெண்கள் கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் கட்டும் மரம் அது. கிளைகள் தொட்டில் பாரத்தில் வளைந்து வளைந்து தாழ்வாகவே நின்றன.

“இதத் தொட்டீருன்னா நாளையிலேர்ந்து பிள்ளையள ஒம்ம ஆபீஸ்லதான் தொங்கவிடுவோம். நீரு கணக்கு எழுதும், நாங்க ஆட்டச் சொல்லுதோம்.”

மானேஜர் குடைக்குள்ளிருந்து யோசித்தார். “சரி வே. ஒண்ணு நின்னுட்டுப் போட்டும்” என்றார்.

மற்ற பதினொன்றும் விழுந்தன. விறகை யார் வாங்கினார் என்றால், நம் மைதீன்பிச்சைதான். அவருடைய மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். எங்களையும் அழைத்திருந்தார். நெய்ச்சோறு இன்றுவரை நினைவிருக்கிறது. விறகின் வாசம்தான் சோற்றில் ஏறியிருக்கிறது என்று பந்தியில் ஒருவர் சொல்ல, மைதீன்பிச்சை பெருமையோடு எங்கள் பக்கம் கைகாட்டினார்.

அடுத்த சாரலில் மேலகரத்து மரங்கள் நாற்பதும் பூத்துக் குலுங்கின. பூ உதிர்ந்து தரை மஞ்சளாயிற்று. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. காசிம் பொறுமை இழந்துவிட்டார். தென்னைக்குப் போகிற தண்ணீரை இந்தப் பூச்செடிகள் குடிக்கின்றன, வெட்டிவிட்டு வாழை வைக்கப் போகிறேன் என்று சொல்லி, கோடாலியை அனுப்பிவிட்டார். மைதீன்பிச்சை எங்கள் தோட்டத்துக்கு ஆள் விட்டார். அப்பாவின் வண்டியில் நாங்கள் போய் இறங்கிய காலைதான் நான் முதலில் சொன்னது.

சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மானேஜர் குடையை மடக்கி என்னிடம் கொடுத்தபோதே எனக்குப் பயம் வந்துவிட்டது. மரம் மரமாகப் போனார். இலையைத் திருப்பினார், பட்டையைத் தடவினார், மண்ணை முகர்ந்தார். நோய் கிடையாது, புழு கிடையாது. உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

மைதீன்பிச்சை பின்னாலேயே வந்தார். “ஏதாவது சொல்லும். அந்தா கோடாலி நிக்கி. அண்ணன் மத்தியானத்துக்குள்ள வெட்டி முடிங்கன்னு சொல்லியாச்சு. எம்பொண்டாட்டி வளையல வித்து ஒரம் போட்டேன். இந்த நாப்பதும் போச்சுன்னா இனிமே அந்தக் கடையில நான் பொட்டலம் மடிக்கத்தான் ஆவேன்.”

மானேஜர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “இந்தச் சுத்துவட்டாரத்துல வேற யாரும் ஜாதிக்கா வச்சிருக்காங்களா?”

அந்த நிலையிலும் மைதீன்பிச்சைக்குப் பெருமை வந்துவிட்டது. “யாரு வச்சிருக்கா? மேலகரத்துலயும் நான்தான், தென்காசியிலயும் நான்தான். நாப்பதும் பொம்பள, ஒரு கலப்பு கெடையாது!”

மானேஜர் கையிலிருந்த பூவைக் கீழே போட்டார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்தப் பதினொரு வெள்ளைக்கோடும் என் கண் முன்னால் வந்து நின்றன. எங்கள் தோட்டத்தில் ஆணும் பெண்ணும் கலந்தே நின்றதால், பூவுக்குத் துணை தேடிக் கொடுக்க வேண்டிய அவசியமே எங்களுக்கு வந்ததில்லை. காற்றும் பூச்சியும் பார்த்துக்கொண்டன. ஆண் மரம் நிழலைத் தின்கிறது என்று வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, அது செய்கிற வேலையையே மறந்திருந்தோம்.

“மைதீனு, மரத்துக்கு ஒரு கொறையும் இல்ல. மாப்பிள்ள இல்ல” என்றார் மானேஜர்.

“மாப்பிள்ளையா?”

“ஆம்பள மரம் வே. ஒண்ணாவது இருக்கணும்.”

“அட, அதான் ஒங்க தோட்டத்துல வண்டி வண்டியா நின்னுச்சே. ரெண்டக் கொண்டாரும்!”

மானேஜர் அன்பான அந்தக் குரலில், “அதுதான வே ஒம்ம மக கல்யாணத்துல நெய்ச்சோத்துக்கு எரிஞ்சுது” என்றார்.

மைதீன்பிச்சை தென்னை மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் அப்பாதான் முதலில் சிரித்தது. அப்பா சிரித்ததும் கோடாலிக்காரர்கள் சிரித்தார்கள். அதன்பிறகு மைதீன்பிச்சையே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “நாப்பது பொண்ணுக்குப் பாத்த மாப்பிள்ளைய எரிச்சு ஊருக்கே சோறு போட்டிருக்கேனே!”

சிரிப்பு அடங்கிய பிறகும் கோடாலிகள் அங்கேயே நின்றன. மத்தியானம் ஆக அதிக நேரமில்லை.

“தொட்டில் மரம் இருக்கு சார்” என்றேன்.

“அது இருக்கு. ஆனா அதுவரைக்கும் காசிம் பொறுக்கணுமே” என்றார் மானேஜர்.

நேரே தென்காசிக்கு வண்டியை விடச் சொன்னார். கடையில் காசிம் தராசுக்கு முன்னால் உட்கார்ந்து கொத்தமல்லி நிறுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் நிமிரவில்லை. மானேஜர் விஷயத்தைச் சொன்னார். காசிம் மல்லியைக் கொட்டி முடித்துவிட்டுக் கேட்டார்:

“மொதல்ல ஆம்பள ஆவாதுன்னீரு. இப்ப ஆம்பள வேணுங்கீரு. நாளைக்கு வந்து மாமியா மரம் வேணும்பீரு. நான் எத வே நம்ப?”

மானேஜர் இரண்டு கையாலும் தலைப்பாகையைக் கழற்றினார். ஆறேழு வருஷம் அவரோடு வேலை செய்த நான் அவர் தலையை அன்றுதான் பார்த்தேன். உச்சி வழுக்கை, சுற்றிலும் நரை. தலைப்பாகையைத் தராசின் தட்டில் வைத்தார்.

“இது இங்கன இருக்கட்டும். மூணு மாசம் குடும். பிஞ்சு நின்னா, பழுத்து வெடிக்கிறவரைக்கும் பொறும். பிஞ்சு நிக்கலைன்னா இதக் கிழிச்சுப் பொட்டலம் கெட்டும்.”

கடைவீதியில் நடந்துபோனவர்கள் நின்று பார்த்தார்கள். காசிம் தலைப்பாகையைப் பார்த்தார், மானேஜரின் தலையைப் பார்த்தார். எழுந்து அதை எடுத்து, தராசுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினார். “ஏலே, தோப்புக்கு ஓடு. கோடாலியத் திருப்பி எடுத்துட்டு வரச் சொல்லு” என்று கடைப்பையனை விரட்டினார்.

மறுநாள் காலையில் தொட்டில் மரம் முழுக்கப் பூவாக இருந்தது. தினமும் அதன் கீழ்தான் போய் வந்துகொண்டிருந்தேன், அன்றுதான் பார்த்தேன். பூங்கொத்தோடு கிளைகளை வெட்டி, தண்ணீர்ப் பானைகளில் நிறுத்தி, அப்பாவின் வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றினோம். இதை மாப்பிள்ளை ஊர்வலம் என்று முதலில் சொன்னது மாடத்தி. அவளும் இரண்டு பெண்களும் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். மேலகரம் எல்லையில் அவள் நாக்கைச் சுழற்றிக் குலவை இட்டதும், வீட்டுக்குள் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு ஓடிவந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே பானைகளும் பூக்கிளையும், அவற்றைப் பிடித்துக்கொண்டு சட்டையில்லாத நானும்.

“மாப்பிள்ள யாருட்டி? இந்த ஒல்லிப் பயலா?” என்று ஒரு கிழவி கேட்டாள்.

“இவரு மாப்பிள்ளத் தோழன் ஆச்சி. மாப்பிள்ள பானைக்குள்ள நிக்கான்!” என்றாள் மாடத்தி.

தோப்பில் நாற்பது மரத்துக்கும் இடையே பானைகளைக் கயிற்றில் தொங்கவிட்டோம். பூ வாடினதும் புதுக் கிளை. அந்தச் சாரல் முழுக்க எங்கள் அப்பா நாளுக்கு ஒரு மாப்பிள்ளையை ஏற்றிப் போனார். வாடகையில் காலணாக்கூடக் குறைக்கவில்லை. “மகன் வேலைங்கறதுக்காக மாடு புல்லு திங்காம இருக்குமாலே?” என்றார்.

மானேஜர் வெறுந்தலையோடு வந்து போனார். குடையை முன்னைவிடத் தாழ்த்திப் பிடித்தார். அவர் தென்காசிக் கடைவீதிப் பக்கமே போகவில்லை. அங்கே கடைக்கு வருகிறவர்களெல்லாம் ஆணியைப் பார்த்து, இது யாருடையது என்று கேட்பதும், காசிம் ஆதியோடந்தமாகக் கதை சொல்லுவதும் வாடிக்கையாகிவிட்டது என்று கேள்வி. அதனால் வியாபாரம் கூடியது என்றும் சொன்னார்கள்.

ஆனால் வருஷா வருஷம் பானையில் மாப்பிள்ளை அனுப்ப முடியாது. மேலகரத்திலேயே ஆண் மரம் வேண்டும். விதை போட்டால் ஏழெட்டு வருஷம், அதுவும் எது வரும் என்று தெரியாது. ஆகவே தொட்டில் மரத்தில் கன்றுகளை ஒட்டியாக வேண்டும். இங்கேதான் என் உத்தியோகத்திலேயே மிகச் சிரமமான காரியம் வந்தது.

தொட்டில் மரத்தின் கிளையெல்லாம் பக்கவாட்டில் வளைந்து போனவை. நிமிர்ந்த கொழுந்து ஒன்றுகூட இல்லை. நான் ஒரு நாள் முழுக்கத் தேடிவிட்டு மானேஜரிடம் போனேன். “எல்லாமே பக்கக் கிளை சார். ஒட்டுனாப் படந்துரும். அந்தக் கோழிப் புதர் மாதிரி.”

அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார். “மாப்பிள்ள நிமிந்தா என்ன, படந்தா என்ன வே? பூத்தாப் போதும். பக்கக் கிளை சீக்கிரமாப் பூக்கவும் செய்யும். போயி ஒம்ம கோழிப் புதரப் பாரும்.” போய்ப் பார்த்தேன். உயர வேண்டிய வயதில் அது உயரவில்லைதான். ஆனால் அதன் வயதுக் கன்றுகளுக்கு முன்பே அது பூத்துவிட்டிருந்தது.

அடுத்த சிக்கல் தொட்டில். ஒட்டு பிடிக்கும்வரை கிளை அசையக் கூடாது, தொட்டிலோ அசைவதற்கென்றே கட்டுவது. மூன்று மாதம் தொட்டில் கூடாது என்று சொல்ல நான்தான் போனேன். மாடத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு வெட்ட வந்தீரு. இன்னைக்குப் பிள்ளையள எறக்க வந்திருக்கீரு. இந்த மரம் ஒமக்கு என்ன பாவம் பண்ணிச்சு? சரி, வெயில் மழை படாம கொட்டகை போட்டுக் குடுத்துட்டு மரத்த எடுத்துக்கிடும். விட்டம் நல்ல பனங்கட்டையா இருக்கணும். ஆறு தொட்டில் தாங்கணும்.”

கொட்டகை எழும்பியது. விட்டத்தில் மாடத்தியே தொங்கி ஆடிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்று நிறுத்தினாள். நாங்கள் எல்லாரும் மீதியைச் சேர்ந்து சொன்னோம்.

கிளைகள் தாழ்வாக இருந்ததால் சாரம் தேவைப்படவில்லை. அதில் ஒரு கஷ்டமும் இருந்தது. எங்களுக்கு எட்டியது குரங்குக்கும் எட்டியது. முதல் வரிசை ஒட்டுகளைக் கட்டிவிட்டுப் போன மறுநாள், குரங்குகள் உட்கார்ந்து வாழைநாரை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்திருந்தன. கன்றுகள் சட்டியோடு கவிழ்ந்து கிடந்தன. மானேஜர் குனிந்து பார்த்தார். “என்னயவிடக் கண்டிசனா இருக்காங்க வே” என்றார். இரண்டாம் வரிசைக்குக் களிமண்ணில் மிளகாய்ப்பொடி குழைத்துப் பூசினோம். பூசின எனக்கும் கண் எரிந்தது, குரங்குக்கும் எரிந்தது. அதோடு அவை வேறு மரத்துக்குப் போய்விட்டன.

எட்டு ஒட்டில் மூன்று வீணாயின. அந்த மூன்றில் ஒன்றில் நான் இரண்டாம் வீச்சு வீசியிருந்தேன், அது சொன்னபடியே அழுகியது. நான்கு பிழைத்து நன்றாகத் தளிர்விட்டன. மிச்சம் ஒன்று, பிழைக்கிறேன் என்றும் சொல்லாமல் போகிறேன் என்றும் சொல்லாமல் நின்றது. பாதி வெட்டு கொடுத்த பிறகு நான்கையும் காலையும் மாலையும் போய்ப் பார்ப்பேன். இலை தொங்கினால் என் முகமும் தொங்கும். மீதி வெட்டையும் போட்டு, இலை அசையாமல் பச்சையாக நின்ற அன்று, ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு நான்கு சட்டியையும் நானே மேலகரம் கொண்டு போனேன். தோப்பின் நான்கு மூலையிலும் நட்டோம்.

அதற்குள் தோப்பில் பிஞ்சு நின்றுவிட்டது. பட்டாணி அளவில் பச்சைப் பிஞ்சு. நிறைய இல்லை. பானை தொங்கிய இடத்துக்கு அருகே இருந்த மரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. மைதீன்பிச்சை தினமும் எண்ணினார், தினமும் வேறு எண்ணிக்கை சொன்னார். காசிம் ஒரு தடவை வந்து, ஒரு பிஞ்சை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். கோடாலிகள் பிறகு வரவில்லை.

அடுத்த சாரலில் முதல் காய் பழுத்து இரண்டாக வெடித்தது. உள்ளே கறுத்த கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலையாக ஜாதிபத்திரி. மைதீன்பிச்சை அதைத் தட்டில் வைத்துக் கடைவீதி முழுக்கக் காட்டிவிட்டுத்தான் எங்களிடம் கொண்டுவந்தார். கூடவே காசிமும் வந்தார். அவர் கையில் துணிப்பொட்டலம். பிரித்தார். தலைப்பாகை. வெளுத்து, கஞ்சி போட்டு வாங்கியிருந்தார். மல்லி வாசம் மட்டும் போகவில்லை.

“நானே கெட்டி விடுதேன். குனியும்” என்றார் காசிம்.

மானேஜர் குனிந்தார். காசிம் ஒரு பக்கம் ஏற்றியும் ஒரு பக்கம் இறக்கியும், நாலு சுற்று சுற்றி, நுனியைச் செருகினார். தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். மானேஜர் நிமிர்ந்து, இரண்டு கையாலும் தலைப்பாகையை மெல்லத் தடவிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு காசிம்” என்றார். “அவுத்துக் கெட்டும்.”

காசிம் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்த நாற்பது மரமும் பிறகு நன்றாகவே காய்த்தன. நான்கு மாப்பிள்ளைகளும் மூலைக்கு மூலை புதராகப் படர்ந்து, வருஷா வருஷம் முதலில் பூத்தார்கள். அவற்றின் அடியில் காசிம் வீட்டுக் கோழிகள் முட்டையிட்டன.

வருஷக் கணக்கு எழுதும்போது ஒரு சங்கடம் வந்தது. வண்டி வாடகை, பானை, கயிறு, சட்டி, வாழைநார், மிளகாய்ப்பொடி, கொட்டகைக்குப் பனங்கட்டை, ஓலை, கூலி எல்லாம் தோட்டத்துச் செலவு. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மதுரை ஆபீஸில் கேட்பார்களே என்று மானேஜரிடம் போனேன். அவர் யோசிக்கவே இல்லை. அவர் சொன்னபடியே எழுதினேன், மதுரையிலும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஆண் மரம் பதினொன்று, விறகு விற்ற வரவு: ஒன்பது ரூபாய்.

கல்யாணச் செலவு: அறுபத்து மூன்று ரூபாய் பத்தணா.